இழுப்பறையில் கிடந்த நிரலுக்கு விலை வந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்பகால அமெரிக்க நிரலர்கள், அதாவது கணினிக்கு புரோகிராம் எழுதியவர்கள், எதை நம்பினார்கள், காசு புழங்க ஆரம்பித்ததும் அந்த நம்பிக்கை என்ன ஆனது என்று பேச்சு வரும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் என்னிடம் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. நானும் நிரல் எழுதி மாதச் சம்பளம் வாங்குகிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது முற்றும் துறந்த முனிவரின் பார்வை இல்லை.

ஹேக்கர் என்றால் கம்ப்யூட்டர் திருடன். திருடனுக்கு என்ன கொள்கை?

செய்தித்தாளில் வரும் ஹேக்கர் வங்கிக் கணக்கை உடைப்பவன். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். உலகப்போர் சமயத்தில் தற்காலிகமாகக் கட்டிய 20ஆம் எண் மரக் கட்டடத்தில் மாணவர்களின் பொம்மை ரயில் மன்றம் ஒன்று இயங்கியது. ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்து அழகு பார்ப்பவர்கள் ஒரு கோஷ்டி. மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, பழைய தொலைபேசி ரிலேக்களைக் கோத்து எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்று ஆட்டுவித்தவர்கள் இன்னொரு கோஷ்டி. கையில் கிடைத்த சாமானை வைத்து, பார்க்கிறவர்கள் 'அட!' என்று சொல்லும்படி ஒரு வேலையை முடித்தால் அதற்குப் பெயர் 'ஹேக்'. 1958ல் டிஎக்ஸ்-0 என்ற கணினி வளாகத்துக்கு வந்தது. மேசைக்கு அடியில் இருந்தவர்கள் அப்படியே அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பகல் ஆராய்ச்சியாளர்களுக்கு, ராத்திரி இவர்களுக்கு.

அவர்களுடைய கொள்கையை எங்காவது எழுதிவைத்தார்களா?

இல்லை. இந்தக் கதையின் முடிச்சே அதுதான் என்பேன். தகவலைப் பூட்டாதே, இயந்திரத்தைத் தொட வருபவனைத் தடுக்காதே, ஆளைப் பட்டத்தை வைத்து எடை போடாதே என்று பின்னால் வந்தவர்கள் பட்டியல் போட்டார்கள். அது ஒழுங்கான பட்டியலாக ஒரு புத்தகத்தில் அச்சேறியது 1984ல், அதாவது கொள்கை பாதி கலைந்துபோன பிறகு. 1960ல் அது வெறும் பழக்கம். வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கன் படுத்துக்கொள்வதற்கு யாரும் விதி எழுதிவைப்பதில்லை அல்லவா, அப்படி.

நிரல்கள் அப்போது காகித நாடாவில் துளைகளாக இருந்தன. எழுதி முடித்தவர் நாடாவைச் சுருட்டி, இயந்திரத்தின் பக்கத்தில் உள்ள இழுப்பறையில் போட்டுவிட்டுப் போவார். அடுத்து வருபவர் எடுத்து ஓட்டிப் பார்ப்பார், நாலு கட்டளையைக் குறைப்பார், திரும்ப அதே இழுப்பறையில் போடுவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தக் 'கட்டளை குறைக்கும்' வேலை அவர்களுக்குப் பெரிய போதை. எண்ணைப் பத்தடிமானத்தில் அச்சிடும் ஒரு சின்ன நிரலை இன்னும் எத்தனை கட்டளை சுருக்கலாம் என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

1961ல் கணினி தயாரிக்கும் டெக் நிறுவனம் பிடிபி-1 கணினி ஒன்றை எம்ஐடிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதன் வட்டத் திரையில் இரண்டு விண்கலங்கள் சண்டை போடும் விளையாட்டை எழுதப்போவதாக ஸ்டீவ் ரஸ்ஸல் சொல்லிக்கொண்டே திரிந்தார், எழுதவில்லை. சைன், கொசைன் கணக்கிடும் நிரல் கையில் இல்லை என்பது சாக்கு. ஆலன் கோடக் நேராக டெக் அலுவலகத்துக்குப் போய் அந்த நாடாவை வாங்கிவந்து ரஸ்ஸல் முன்னால் வைத்து, இனி என்ன சாக்கு சொல்வாய் என்று கேட்டார். 1962 தொடக்கத்தில் ஸ்பேஸ்வார் ஓடியது. அப்புறம் பீட்டர் சாம்சன் பின்னணியில் நிஜமான நட்சத்திர வரைபடத்தைச் சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனை வைத்து ஈர்ப்புவிசை கொண்டுவந்தார். சுவிட்சை அழுத்தி அழுத்தி முழங்கை வலிக்கிறது என்று, ரயில் மன்றத்துச் சாமான்களிலிருந்தே கட்டுப்பாட்டுப் பெட்டிகள் முளைத்தன.

அதை விற்றிருக்கலாமே?

யாரிடம்? ஒரு பிடிபி-1 சுமார் 1,20,000 டாலர். உலகம் முழுக்க இருந்ததே ஐம்பது சொச்சம். டெக் நிறுவனமே ஸ்பேஸ்வாரைத் தன் இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கப் பயன்படுத்திக்கொண்டது. ரஸ்ஸலுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஒன்பது ஆண்டு கழித்து நோலன் புஷ்னெல் அதே யோசனையைக் காசு போட்டால் ஓடும் பெட்டிக்குள் வைத்து 1971ல் கம்ப்யூட்டர் ஸ்பேஸ் என்று இறக்கினார். அது பெரிதாகப் போகவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய அடாரி நிறுவனம் வெளியிட்ட பாங் விளையாட்டு நன்றாகப் போயிற்று. ஒரு துறை அங்கே பிறந்தது.

எல்லோரும் இலவசமாகக் கொடுத்தார்கள் என்றால் சோற்றுக்கு என்ன வழி?

இதைக் கேட்காமல் அந்தக் காலத்தைப் புகழ்கிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. பணம் வந்தது, வேறு வாசல் வழியாக. எம்ஐடியில் 1963ல் தொடங்கிய புராஜெக்ட் மேக் என்ற பெரிய திட்டத்துக்கும், அதிலிருந்து கிளைத்த செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பு படியளந்தது. கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் எஜமானர் இருந்ததால் இவர்கள் கணக்குப் பார்க்காமல் பகிர்ந்தார்கள். வியட்நாம் போர் நடந்த காலத்தில் இந்த முரண்பாடு வளாகத்திலேயே வெடித்தது. அதிகாரத்தை நம்பாதே என்றவர்களின் மின்கட்டணத்தை ராணுவம் கட்டிக்கொண்டிருந்தது.

வணிக உலகத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். ஐபிஎம் இயந்திரத்தை வாடகைக்கு விட்டது, மென்பொருள் கூடவே வந்தது. ஐபிஎம் 704 வைத்திருந்த நிறுவனங்கள் 1955லேயே ஷேர் என்ற சங்கம் அமைத்துத் தங்களுக்குள் நிரல்களை மாற்றிக்கொண்டன. இவர்கள் யாரும் தாடி வைத்த இலட்சியவாதிகள் இல்லை, டை கட்டியவர்கள். 1969 ஜூனில் ஐபிஎம் மென்பொருளுக்குத் தனி விலை போடப்போவதாக அறிவித்தது. ஏகபோக வழக்கு ஒன்று தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மென்பொருள் தனிச் சரக்கானது அன்றிலிருந்துதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

'பட்டம், பதவி பார்க்க மாட்டோம்' என்றார்களே, உண்மையா?

பாதி உண்மை. பீட்டர் டாய்ச் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் டிஎக்ஸ்-0 அறைக்குள் வந்தான். நிரல் எழுதத் தெரிந்ததால் பெரியவர்கள் நடுவில் சமமாக உட்கார்ந்தான். ஆனால் அந்த அறையில் பெண்கள் கிட்டத்தட்ட இல்லை. ராத்திரி முழுக்க இயந்திரத்தோடு கிடப்பது யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்பதை அவர்கள் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

பில் கேட்ஸ் எழுதிய அந்தப் பிரபலமான கடிதம் என்ன?

1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வந்தது. அல்புகெர்கி நகரத்து மிட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்துக்கொண்டால் 397 டாலர். ஒரு பிடிபி-1 விலையில் முந்நூறு வாங்கலாம். ஆனால் திரை இல்லை, விசைப்பலகை இல்லை, நினைவகம் 256 பைட். முன்பக்கச் சுவிட்சுகளைத் தட்டித்தான் நிரல் ஏற்ற வேண்டும். இதற்கு பேசிக் என்ற எளிய நிரல் மொழி வேண்டும் என்று கண்டுகொண்டவர்கள் கேட்ஸும் பால் ஆலனும். ஆல்டேரைக் கண்ணால் பார்க்காமலே, ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில் அதன் சிப்பைப் போலி செய்து, 4 கிலோபைட்டுக்குள் பேசிக்கை அடைத்தார்கள். நாடாவை உள்ளே ஏற்றும் துவக்க நிரலை எழுத மறந்துபோய், அல்புகெர்கி போகும் விமானத்தில் உட்கார்ந்து ஆலன் அதை எழுதினார். அங்கே போய் 2+2 என்ன என்று கேட்டார்கள். 4 என்று வந்தது. எம்ஐடியின் ராத்திரிக் கோஷ்டி பார்த்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கும்.

அதே வருடம் மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்ற ஆர்வலர் மன்றம் கூடத் தொடங்கியது. ஜூனில் மிட்ஸ் நிறுவனம் பாலோ ஆல்டோ ஓட்டல் ஒன்றில் ஆல்டேரைக் காட்சிக்கு வைத்தபோது, பேசிக் இருந்த நாடா ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். டான் சோக்கல் தான் வேலை பார்த்த இடத்தின் வேகமான துளைப்பானில் பிரதிகள் போட்டார். அடுத்த கூட்டத்தில் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார், ஒரே நிபந்தனையோடு: ஒன்று எடுத்துப்போனால் இரண்டாகத் திருப்பித் தர வேண்டும். பழைய இழுப்பறைதான், கால் முளைத்து நடந்து வந்திருக்கிறது.

1976 பிப்ரவரி 3 தேதியிட்டு கேட்ஸ் 'பொழுதுபோக்குக் கணினிக்காரர்களுக்கு' ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்று நேராகவே சொன்னார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்துச் சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக் வாங்கியிருக்கிறார்கள், நாங்கள் செலவழித்த கணினி நேரத்தின் மதிப்பே 40,000 டாலருக்கு மேல், கிடைத்த வருமானத்தை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்பது அவர் கணக்கு.

அவர் கேட்டது நியாயம்தானே?

உழைத்தவன் கூலி கேட்பதில் என்ன தப்பு என்று இருபது வயதில் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எதிர்த்தரப்புக்கும் வாதம் இருந்தது. மிட்ஸ் தன் மெமரி பலகையோடு சேர்த்து வாங்குபவர்களுக்கு பேசிக்கை மலிவாகவும், தனியாகக் கேட்பவர்களுக்கு மிக அதிக விலைக்கும் விற்றது. அந்தப் பலகைகளோ சரியாக வேலை செய்யாதவை என்று பெயர் வாங்கியவை. ஓடாத பலகையை வாங்கினால்தான் ஓடுகிற மென்பொருள் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்த 40,000 டாலர் கணினி நேரமும் கேட்ஸ் கைக்காசு இல்லை. ஹார்வர்டின் அந்த இயந்திரம் அரசுப் பணத்தில் நின்றது. பள்ளி வயதில் சியாட்டிலில் ஒரு கணினி நிறுவனத்தின் குப்பைத் தொட்டியிலிருந்து அச்சிட்ட நிரல் தாள்களைப் பொறுக்கிப் படித்து வளர்ந்தவர்கள்தான் கேட்ஸும் ஆலனும். அடுத்தவர் எழுதியதைப் படிக்காமல் யாரும் நிரலர் ஆனதில்லை.

எதிர்வினைகளில் எனக்குப் பிடித்தது திட்டி எழுதிய கடிதங்கள் இல்லை. 'டைனி பேசிக்' என்ற முயற்சி. இரண்டு மூன்று கிலோபைட்டில் அடங்கும் ஒரு குட்டி பேசிக்குக்கு டென்னிஸ் ஆலிசன் வரைவு கொடுக்க, ஆளாளுக்கு எழுதிப் பத்திரிகையில் முழு நிரலையும் அச்சிட்டார்கள். டாம் பிட்மேன் தன்னுடையதை ஐந்தே டாலருக்கு விற்றார். திருடுவதைவிட வாங்குவது சுலபமாக இருந்தால் வாங்குவார்கள் என்பது அவர் கட்சி. வாங்கத்தான் செய்தார்கள். லீ-சென் வாங் தன் நிரலின் தலையில், பதிப்புரிமை வாசகத்தைக் கேலி செய்து, 'காப்பிலெஃப்ட், எல்லாத் தவறுகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று போட்டார். சிரிப்புக்காக எழுதிய அந்தச் சொல் பத்து ஆண்டில் சட்டச் சொல்லாகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

வாஸ்னியாக்கும் அந்தக் கிளப் ஆள்தானே?

ஆமாம். ஆப்பிளைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், ஆப்பிள் 1 பலகையின் வரைபடத்தை ஹோம்ப்ரூ கூட்டத்தில் நகலெடுத்துச் சும்மா கொடுத்தவர். இதை விற்கலாமே என்றது ஸ்டீவ் ஜாப்ஸ். பைட் ஷாப் கடைக்காரர் பால் டெரல் ஐம்பது கேட்டார், ஆனால் முழுதாகப் பொருத்தித் தர வேண்டும் என்றார். நானே பற்றவைக்கிறேன் என்கிற ஆளுக்கும் பெட்டியைத் திறக்காமலே பயன்படுத்துகிற ஆளுக்கும் நடுவில் அந்த ஒரு நிபந்தனைதான் கோடு.

1978ல் வந்த ஆப்பிள் 2 கையேட்டில் உள்ளே இருக்கும் மானிட்டர் என்ற அடிப்படை நிரல் வரிக்கு வரி அச்சிடப்பட்டிருந்தது. 1984ல் வந்த மெக்கின்டாஷைத் திறக்க நீளமான விசேஷத் திருப்புளி வேண்டும். ஆறு வருட இடைவெளிதான். நடுவில் 1980 டிசம்பர் 12 அன்று ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே தேதியில், தற்செயலாகத்தான், கணினி நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு என்று தெளிவாக்கும் சட்டத் திருத்தத்தில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். பங்கு விடுவதற்கு முன்னால் வாஸ்னியாக் தன் பங்கில் ஒரு பகுதியை, கிடைக்காமல் போன ஊழியர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். இழுப்பறைக்காரனின் பழக்கம் கோடீஸ்வரரான பிறகும் விடவில்லை.

எம்ஐடி ஆய்வகம் உடைந்தது எப்படி?

இந்தக் கதையில் நான் அதிகம் யோசித்தது இந்த அத்தியாயத்தைத்தான். கேட்ஸ் வெளியாள். இங்கே உடைந்தது உள்வீடு.

எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் இயங்குதளம், அதாவது கணினியையே நடத்தும் அடிப்படை நிரல், ஐடிஎஸ். அதில் கடவுச்சொல் கிடையாது. எந்தக் கோப்பையும் யாரும் திறக்கலாம். கணினியை முடக்கிக் காட்டுவதே வீரம் என்று அலையும் விடலைகளுக்காக, கணினியை முடக்குவதற்கென்றே ஒரு கட்டளையை வைத்துவிட்டார்கள். யாரும் செய்யலாம் என்றால் அதில் என்ன வீரம்? எவ்வளவு நுணுக்கமான யோசனை பாருங்கள்.

அங்கே ரிச்சர்ட் கிரீன்பிளாட், டாம் நைட் முதலானவர்கள் லிஸ்ப் என்ற நிரல் மொழிக்கென்றே தனி இயந்திரம் கட்டினார்கள். நன்றாக வந்தது. வெளியே பலர் கேட்டார்கள். விற்கலாம் என்பதில் தகராறு இல்லை, எப்படி விற்பது என்பதில்தான். முன்பணத்தை வைத்தே வளரும் சின்ன நிறுவனம் போதும், வெளி முதலீடு வந்தால் அவன் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும் என்றார் கிரீன்பிளாட். அது நடக்கிற காரியமில்லை, முறையாக முதலீடு திரட்ட வேண்டும் என்றார் ரஸ்ஸல் நாஃப்ட்ஸ்கர். பெரும்பாலோர் நாஃப்ட்ஸ்கர் பக்கம் போய் சிம்பாலிக்ஸ் என்ற நிறுவனமானார்கள். கிரீன்பிளாட்டுடையது எல்எம்ஐ. ஆய்வகம் காலியானது.

கொஞ்ச காலம் இரண்டு தரப்பும் ஆய்வகத்தின் பொது நிரலையே புழங்கின. 1982ல் சிம்பாலிக்ஸ், நாங்கள் செய்யும் மேம்பாடுகளை எம்ஐடி பயன்படுத்தலாம், ஆனால் எல்எம்ஐக்குப் போகக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. ஆய்வகத்தில் மிஞ்சியிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் இதைப் போர் அறிவிப்பாக எடுத்துக்கொண்டார். சிம்பாலிக்ஸின் ஒரு கூட்டமே எழுதுவதை 1983 கடைசி வரை ஒற்றை ஆளாகத் திரும்ப எழுதி எல்எம்ஐக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்றால், யாருமில்லை. மலிவான பொதுக் கணினிகள் வேகமாகிவிட, தனி லிஸ்ப் இயந்திரத்துக்குத் தேவையே போய்விட்டது. எல்எம்ஐ 1987ல் திவாலானது, சிம்பாலிக்ஸ் 1993ல். உலகத்தில் முதன்முதலாகப் பதிவான 'டாட் காம்' முகவரி, 1985 மார்ச் 15 அன்று, சிம்பாலிக்ஸுடையது. 2009ல் அந்த முகவரியையும் வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

ஸ்டால்மன் பணத்துக்கே எதிரியா?

இல்லை. வேலையை விட்டபின், தான் எழுதிய ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தி நிரலின் நாடாவை 150 டாலருக்கு விற்றுத்தான் சாப்பிட்டார். குழப்பம் ஆங்கிலத்தில் இருக்கிறது: அவர்களுக்கு விலையில்லாததற்கும் கட்டுப்பாடில்லாததற்கும் ஒரே சொல். தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லிவிட்டால் பாதி விளக்கம் மிச்சம்.

1983 செப்டம்பரில், முழுக்கக் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார். அவர் செய்த பெரிய காரியம் நிரலைவிட உரிமம்தான் என்பது என் கருத்து. ஈமேக்ஸின் ஒரு வடிவத்தை எழுதியிருந்த ஜேம்ஸ் காஸ்லிங் அதை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட, அதன் பகுதிகளைப் பயன்படுத்தியிருந்த ஸ்டால்மன் எல்லாவற்றையும் அவசரமாகத் திரும்ப எழுத வேண்டிவந்தது. சூடு கண்ட பூனை. 1989ல் வந்த ஜிபிஎல் உரிமம், எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், ஆனால் வெளியே கொடுக்கும்போது மூலநிரலையும், அதாவது மனிதர் படிக்கும்படி எழுதிய நிரலையும், அதே உரிமையோடு கொடு என்றது. இந்த முறைக்குத்தான் காப்பிலெஃப்ட் என்று பெயர். இழுப்பறையிலிருந்து எடுத்தால் இழுப்பறையில் போடு என்பதுதான். முன்பு யாரும் சொல்லாமலே செய்தார்கள். இப்போது வக்கீல் பாஷையில், பக்கம் பக்கமாக. பழக்கமாக இருந்தது பத்திரமாகிவிட்டது. காசு வந்து செய்த மாற்றம் என்ன என்று ஒரே வரியில் கேட்டால் என் பதில் இதுதான்.

யூனிக்ஸ் இதில் எங்கே வருகிறது?

பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, 1956ல் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் தொலைபேசி தவிர வேறு வியாபாரம் செய்ய முடியாமல் இருந்தது. ஆகவே 1969ல் அந்த ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் மூலநிரலோடு கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் ஜான் லயன்ஸ் அந்த மூலநிரலை அச்சிட்டு, நம் உரையாசிரியர்கள் சூத்திரத்துக்கு உரை எழுதுவதுபோல் வரிவரியாக விளக்கம் எழுதினார். 1979ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் உரிமமோ மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தத் தடை போட்டது. அப்புறம் அந்த உரை நகலின் நகலாக, எழுத்து மங்கி மங்கி, கைமாறிக்கொண்டே இருந்தது. ஏடு பெயர்த்தெழுதிய ஊர்க்காரர்களுக்கு இது புரியும். முறைப்படி புத்தகமாக வெளிவர 1996 ஆயிற்று. பாடம் நடத்த வேறு வழியில்லாமல் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987ல் மினிக்ஸ் என்ற குட்டி இயங்குதளத்தை எழுதினார். அதில் பழகிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் லினக்ஸ் தொடங்கினார். பூட்டுப் போட்டதால் முளைத்தது அது.

'தகவல் சுதந்திரமாக இருக்க விரும்புகிறது' என்றது யார்?

1984 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அருகே நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் எழுத்தாளர் ஸ்டூவர்ட் பிராண்ட், வாஸ்னியாக்கிடம் சொன்னது. அவர் சொன்னதில் இன்னொரு பாதியும் உண்டு: தகவல் மதிப்புள்ளதாக இருப்பதால் விலை ஏறவும் விரும்புகிறது. அந்தப் பாதியை யாரும் சட்டையில் அச்சடித்துக்கொள்வதில்லை.

ஓப்பன் சோர்ஸும் கட்டற்ற மென்பொருளும் ஒன்றுதானே?

நிரல் அளவில் பெரும்பாலும் ஒன்று, பேச்சு வேறு. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலைத் திறக்கப்போவதாக அறிவித்தது. அதையொட்டிக் கூடியவர்களிடம் கிறிஸ்டின் பீட்டர்சன் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரை முன்வைத்தார். சுதந்திரம், உரிமை என்று பேசினால் முதலாளிகள் பயந்து ஓடுகிறார்கள். செலவு குறையும், தரம் கூடும் என்று பேசுவோம் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. 1999 டிசம்பர் 9 அன்று லினக்ஸ் கணினிகள் விற்ற விஏ லினக்ஸ் நிறுவனத்தின் பங்கு 30 டாலருக்கு வெளியாகி அன்று மாலையே 239 டாலரில் நின்றது. இரண்டே வருடத்தில் அந்த உயரமெல்லாம் கரைந்துபோனது வேறு விஷயம். 2018ல் மைக்ரோசாஃப்ட், நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் தளமான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019ல் ஐபிஎம், லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு. இழுப்பறை இருந்த அறையையே வாங்கிவிட்டார்கள் என்று நண்பர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள், கட்டற்ற நூலகம் ஒன்றின் கோப்புகளின் தலையிலிருந்த உரிம வரிகளை அழித்துவிட்டு நிறுவனத்தின் பெயரைப் போடச் சொன்னார்கள். பத்திருபது கோப்புதான். எழுதியவரின் பெயரும், பிழை இருந்தால் தெரிவியுங்கள் என்ற வரியும் அங்கே இருந்தன. அழித்தேன். வீட்டுக் கடன் இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இன்று யார் செலவு செய்கிறார்கள்?

லினக்ஸ் கருநிரலுக்குப் பெரும்பாலும் நிறுவனச் சம்பளக்காரர்கள். மற்றவற்றுக்குப் பல சமயம் யாருமில்லை. 2014ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோதுதான், உலகத்து இணையதளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த மறையாக்க நிரலான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது என்று வெளியே தெரிந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலில் கள்ளக்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. தனியாளாக ஓய்ந்துபோயிருந்த பராமரிப்பாளரிடம் உதவி செய்வதாக ஒட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே வைத்த கதவு. தொலைக்கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஒரு பொறியாளர் குடைந்து பார்த்ததால் தப்பித்தோம். கட்டளை குறைக்கும் கோஷ்டியின் வாரிசு அவர்.

இன்னொரு பக்கம், நாங்கள் எழுதியதைப் பெரிய கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கின்றன என்று தரவுத்தள நிரல்கள் எழுதும் மோங்கோடிபி, எலாஸ்டிக், ரெடிஸ் நிறுவனங்களெல்லாம் உரிமத்தை இறுக்கின. 2024ல் இறுக்கிய ரெடிஸ், அதன் பழைய நிரலிலிருந்தே பிறர் நடத்தும் மாற்றுக் கிளை முளைத்துவிட, அடுத்த ஆண்டே திறந்த உரிமம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. 1976 கடிதத்தின் அதே புகார்தான் இது. இம்முறை திருடன் என்று யாரையும் சொல்ல முடியவில்லை, உரிமமே அனுமதித்திருந்தது.

தமிழுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, எழுத்துருவில். எல்லா மொழிக்குமான பொது எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவும் முன் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் தனி எழுத்துரு இறக்க வேண்டும். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் கோழிக்கிறுக்கல். அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை விலையில்லாமல் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். நாடாவுக்குப் பதில் நாலடியார்.

அந்த ஆல்டேர் பேசிக் நிரலை இன்று பார்க்க முடியுமா?

முடியும். 2025 ஏப்ரலில், மைக்ரோசாஃப்டின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, கேட்ஸே அதன் மூலநிரலைத் தன் தளத்தில் வெளியிட்டார். பழைய அச்சுத் தாள்களின் படங்கள், 157 பக்கம், யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். நான் இறக்கிவைத்திருக்கிறேன். மிதவைப்புள்ளிக் கணக்கு (தசம எண் கணக்கு) பகுதியை எழுதிய மான்டி டேவிடாஃப் பெயரும் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. குறிப்புரைகள் சுருக்கம். சில இடங்களில் ஒரே கட்டளையை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தி ஒரு பைட் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஆயிற்று.